பெருசப் பாத்து வாங்கு

என் உயிரான தம்பி மூர்த்திக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போய்ச் சேர்ந்தவனிடம் என்ன நலம் விசாரிப்பது? சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்துத் திட்டலாம் என்றால் உன் பொண்டாட்டி லதா அழுகிறாள். உன்னைக் கரைத்த கடலுக்கே போய்க் கத்தலாம் என்றால் பார்க்கிறவர்கள் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன், படிக்கட்டும்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். நம் கேட்டரிங்தான் சாப்பாடு. பந்தியில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வரும்போது, நம் சொந்தக்காரி ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொல்கிறாள்: "தம்பி கடைசியா சொன்ன வார்த்தையக்கூட மதிக்கல. அவன் கேட்ட வண்டிய வாங்காம, தன் இஷ்டத்துக்கு சின்ன வண்டிய வாங்கி ஓட்டிக்கிட்டுத் திரியுறா. இவல்லாம் ஒரு அக்காவா?"

கையில் வாளி இருந்தது. வாளி நிறைய கொதிக்கிற சாம்பார் இருந்தது. அதை அவள் தலையில் கவிழ்க்காமல் அடுத்த இலைக்கு நகர்ந்தேனே, அதற்கே எனக்கு ஒரு மாலை போடவேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடைசி வார்த்தையின் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்கே தெரியாத பாதி அதில் இருக்கிறது.

முதலில் உன்மேல் இருக்கும் கோபம். நெஞ்சைப் பிடிக்கிறது என்றால் மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். நம் ஆட்களுக்கு மட்டும் எல்லாமே கேஸ்டிரிக். "கேஸ்டிரிக்லா அக்கா, ஒரு சோடா குடிச்சா போயிரும்" என்றாய். குடித்தாய். ஏப்பம் விட்டாய். "பாத்தியா, போயிருச்சு" என்று என்னிடமே சிரித்தாய். கடைசியில் வேர்த்துக் கொட்டி, கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் நர்ஸிடம் அதே கேஸ்டிரிக் என்றாய். எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டவன்டா நீ! உன் உடம்பு சொன்னது மட்டும் உன் காதில் ஏறவில்லையா?

சரி, வண்டிக்கு வருகிறேன்.

நம் பழைய ஃபோர்வீல் உனக்கு மறக்காது. இந்த ஊரில் பிக்கப் எதுவாக இருந்தாலும் ஃபோர்வீல் என்றுதான் பெயர். சாம்பாரும் ரசமும் சிந்திச் சிந்தி அதன் அடிப்பக்கம் துருப்பிடித்து, மெக்கானிக் கையை விரித்துவிட்டான். "இனிமே இதுல அண்டா ஏத்துனீங்கன்னா ஹைவேல பாதி வண்டி பின்னாடி நின்னுரும்" என்றான். நீ நன்றாக இருக்கும்போதே புது வண்டி தேட ஆரம்பித்தாய்.

ரெண்டு வண்டி கண்ணில் பட்டது. ஒன்று, பெட்டாலிங் ஜெயாவில் நாம் பார்த்த நடுத்தரப் பிக்கப். நம் ரோட்டில் ஓடுகிற பிக்கப் பெரும்பாலும் அந்த அளவுதான். இன்னொன்று, நம் பெரியப்பா மகன் ரவி அண்ணன் செராஸிலிருந்து போட்டோ போட்டோவாக அனுப்பிய பெரிய பிக்கப். அமெரிக்காவில் ஓடுகிற அளவு. அதன் முகப்பே ஒரு கடை ஷட்டர் மாதிரி இருந்தது. நீ இரவு பகலாக அதன் வீடியோவைப் பார்த்து வாயைப் பிளந்தாய். இல்லை என்று சொல்லாதே.

நியாயமாகவே பேசுகிறேன். பெரிய வண்டியில் சாமான் நிறையப் போகும். அண்டாக்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஜெஞ்சாரோம் கோயில் அன்னதானத்துக்கு ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கலாம். நடுத்தர வண்டி என்றால் பெரிய கல்யாணத்துக்கு ரெண்டு நடை. தொழிலை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கே மனசு கொஞ்சம் ஆடியது.

ஆனால் நம் வண்டி சாப்பாடு மட்டும் ஏற்றவில்லையே. அப்பாவையும் ஏற்றியது.

சர்க்கரை வியாதியில் அப்பாவுடைய இடது காலை எடுத்த பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். ஒருநாள் நீதான் ஊன்றுகோலை அவர் கையில் திணித்து, வாசலுக்குக் கூட்டிவந்து, வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்தாய். அவர் சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இடுப்பைச் சாய்த்து உட்கார்வார். மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். சீட்டின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது. யாரும் தொடவேண்டியதில்லை. அன்றிலிருந்து எங்கே டெலிவரி என்றாலும் முன்சீட்டில் அப்பா. குறுக்கே வருகிற மோட்டார்சைக்கிள்காரனை எல்லாம் திட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி வெற்றிலை துப்பிக்கொண்டு, ராஜா மாதிரி வருவார். நான் பின்னாலேயே வேனில் வருவேன். முன்னால் நீங்கள் ரெண்டு பேரும் என்ன பேசிச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜ். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு குடும்பக் குரூப்பில் அனுப்பினாயே, அது.

"அக்கா, நான் வர்றதுக்குள்ள ரவி அண்ணன் வண்டி வண்டின்னு போன் அடிப்பாரு. நீ அவசரப்படாத. பெருசப் பாத்து வாங்கு. அவ்ளோதான். டாக்டர் வர்றாரு, வைக்கிறேன்."

வைத்துவிட்டாய். ஒரேயடியாக வைத்துவிட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாளே ரவி அண்ணன் வந்து நின்றார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். போனை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்து அந்த மெசேஜைப் போட்டார். "கேட்டுக்கங்க. பெருசா பாத்து வாங்கச் சொல்லிட்டுப் போயிருக்கான். இது அவன் கடைசி ஆசை. பின்கண்ணாடி முழுக்க அவன் படம் போடுவோம். ரெண்டு பக்கமும் றெக்க வச்சு."

"றெக்க எதுக்குண்ணே? அவன் என்ன புறாவா?"

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல். அந்த வண்டி ட்ரைலரே இழுக்கும், தெரியுமா?"

"நாம என்ன கப்பலா இழுக்கப் போறோம்? சாம்பார்ண்ணே, சாம்பார்!"

ஆனால் லதா மூலையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அவரு ஆசப்பட்டது அண்ணி. அதையாச்சும் செய்வோமே" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு மிஞ்சியது உன் குரல்தான். அதில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். நான் எப்படி அதை வெட்டுவது?

இத்தனை பேச்சிலும் அப்பாவை யாரும் கேட்கவில்லை. அவர் போன் பட்டன் அமுக்குகிற பழைய போன், குரூப் எல்லாம் அதில் வராது. உன் குரலைக் கேட்டால் தாங்கமாட்டார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, அந்த மெசேஜை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டோம். அவர் அறையில் இருந்தால் ரவி அண்ணன் வாசலுக்குப் போய்ப் பேசுவார். பெரிய கரிசனம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெரிய வண்டி வந்தது. "வீட்டுக்கே கொண்டாந்து காட்டுறேன், பெரியவங்க ஏறி உக்காந்து ஆசீர்வாதம் பண்ணட்டும்" என்று ரவி அண்ணன் விற்பனைக்காரனோடு ஓட்டிக்கொண்டு வந்தார். நம் லோரோங் சந்துக்குள் திரும்பவே அது முன்னும் பின்னும் மூச்சு வாங்கியது. வாசலில் ஏற்றினால் பாதி உள்ளே, பாதி ரோட்டில். கேட்டைச் சாத்த முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி மார்க்கெட்டுக்குப் போக காரை எடுக்க முடியாமல் ஹாரன் அடித்தார். பின்கதவைத் திறந்து காட்டினான் விற்பனைக்காரன். அது என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அடுப்பிலிருந்து இறக்கின அண்டாவை அதில் யார் தூக்கி ஏற்றுவது? உன் ரவி அண்ணனா?

இதெல்லாம் போகட்டும். அப்பாவை வெளியே கூட்டி வந்தார்கள். புதுக் கைலி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வழக்கம்போல வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். சீட் அவர் இடுப்புக்கு வரவில்லை, முதுகில் இடித்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். சீட்டின் மேல்பக்கம் கைக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை தடவினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சித்தப்பா, நாங்க இருக்கோம்" என்றார் ரவி அண்ணன். "பாஸ், நீங்க அந்தப் பக்கம் புடிங்க" என்றான் விற்பனைக்காரன். ரெண்டு பேரும் அவர் அக்குளில் கைகொடுத்து அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். கைலி நழுவியது. வெட்டின காலின் முனை வெளியே தெரிந்தது. காலை எடுத்த நாளிலிருந்து அதை வெளி ஆட்களுக்குக் காட்டாத மனிதர் அவர். ஒரு கையால் கைலியைப் பிடித்தார், இன்னொரு கையால் காற்றைப் பிடித்தார். ஊன்றுகோல் சாக்கடைப் பக்கம் விழுந்தது. தெருவே பார்த்தது.

"எறக்குங்க" என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார். "நல்ல வண்டி. வாங்குங்க. நான் வீட்லயே இருக்கேன்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "கைய எடுங்கடா!" என்று கத்தினேன். மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "எங்கப்பா மேல இருந்து ரெண்டு பேரும் கைய எடுங்க! வண்டியத் திருப்பு, இப்பவே திருப்பு!" அதைத் திருப்பவும் முடியவில்லை, சனியன். லோரோங் கடைசி வரைக்கும் ரிவர்ஸிலேயே போனது. விற்பனைக்காரனுக்கு வேர்த்துப்போனது. ரவி அண்ணன் போகும்போது விரலை நீட்டி, "செத்துப்போனவன் வார்த்தைய மீறுற. பாத்துக்க" என்றார்.

அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை. கட்டிலில், பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் தட்டோடு போய் உட்கார்ந்தேன். லதா கதவோரம் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. ரவி அண்ணன் சும்மா ஆடல. மூர்த்திதான் பெரிய வண்டியா வாங்கச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

அப்பா திரும்பினார். "அவனா? அப்படிச் சொல்லியிருக்க மாட்டானே."

வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்து அந்த மெசேஜைப் போட்டேன். உன் குரல் அறைக்குள் வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். ரெண்டாவது தடவை அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்த் தோளைப் பிடித்தேன். அழவில்லைடா. சிரித்தார். நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"கிறுக்குப் பய. பெரிய வண்டியா? என்னையச் சொல்றான்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"நான்தான் பெருசு. வீட்லதான் அப்பா. வண்டியில ஏறிக் கதவச் சாத்திட்டா பெருசுதான். 'பெருசு, பெல்ட்டப் போடு. பெருசு, அந்தப் பக்கம் லோரி வருதா பாரு. பெருசு, வெத்தலைய ரோட்டுல துப்பாத, சம்மன் வரும்.' பெருசப் பாத்து வாங்குன்னா, என்னைய மனசுல வச்சு வாங்குன்னு அர்த்தம்."

ஒரு தீபாவளிக்கு நீ என் முன்னால் அவரைப் பெருசு என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது. "பெத்த அப்பன பெருசுங்கிற? இன்னொரு தடவை என் காதுல விழட்டும், பல்லத் தட்டிருவேன்" என்றேன் அன்றைக்கு. அதற்குப் பிறகு நீ அந்த வார்த்தையை விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். விடவில்லை. வண்டிக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாய்.

அப்பா அதோடு நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்த அன்னைக்குக் காலையில எனக்கும் போன் பண்ணான்மா. 'பெருசு, நீ ஏறி உக்காந்து பாக்காம எந்த வண்டியும் எடுக்கக் கூடாதுன்னு அக்காகிட்ட சொல்லிர்றேன், நீ கவலைப்படாத'ன்னான்."

"அப்ப ஏம்ப்பா நீங்க வாயத் தொறக்கல? இத்தனை நாளா நாங்க பேசிக்கிட்டுக் கெடந்தோமே!"

அவர் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார். "அவன் உங்ககிட்ட சொல்லிட்டான்னு நெனச்சேன். சொல்லியும் நீங்க பெரிய வண்டியே எடுக்குறீங்கன்னு நெனச்சேன். கெழவன ஏத்தி எறக்குறது தொல்லைதானே? அவன் இருந்தான், செஞ்சான். நீங்களும் செய்யணும்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

மூர்த்தி, இதைக் கேட்டுவிட்டு நான் எப்படிடா சும்மா இருப்பது? பெற்ற மகள் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள் என்று அந்த மனிதர் மனசுக்குள் முடிவு செய்து, அதற்குச் சம்மதமும் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆசீர்வாதம் பண்ண வந்திருக்கிறார். நாங்கள் அவர் மனசு தாங்காது என்று உன் குரலை மறைத்தோம். லதா ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ரவி அண்ணன்மேல், என்மேல், எல்லோரையும்விட உன்மேல். அப்பாவை மனசில் வைத்து வாங்கு என்று நல்ல தமிழில் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? பல்லைத் தட்டுவேன் என்று சொன்னவளுக்கு அதே வார்த்தையிலா சேதி அனுப்புவாய்? அனுப்பும்போது வாய் தவறி வந்துவிட்டதா, இல்லை வேண்டுமென்றே என்னைச் சீண்டினாயா? நீ திரும்பி வந்து சிரித்துக்கொண்டே என்னிடம் திட்டு வாங்கலாம் என்று நினைத்திருப்பாயோ?

அன்று சாயங்காலமே ரவி அண்ணனுக்குப் போன் அடித்து விஷயத்தைச் சொன்னேன். "யாராச்சும் பெத்த அப்பன பெருசும்பானா? உனக்கு இஷ்டமில்ல, அதுக்குக் கத கட்டுற" என்று வைத்துவிட்டார். அந்தப் பேச்சுதான் செராஸிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பந்தி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு வந்த சங்கடம் உன் ஆசையைப் பற்றியதா, அந்த வண்டி விற்காததைப் பற்றியதா என்று நான் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு அவரே யோசிக்கட்டும்.

நான் அப்பாவைப் பெட்டாலிங் ஜெயாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடுத்தர வண்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் முதுகைக் காட்டி நின்றார், கையால் தடவினார். சீட் அங்கேதான் இருந்தது. உட்கார்ந்தார், பிடியைப் பிடித்தார், திரும்பினார். கதவை அவரே இழுத்துச் சாத்திக்கொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "இங்கன வெத்தல துப்பலாமா?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தது.

அதையே எடுத்தேன். பெரிய கல்யாணம் என்றால் ரெண்டு நடை போகிறோம். ரெண்டு நடையிலும் அப்பா வருகிறார். நடுவில் ஓய்வெடுங்கள் என்றால் முறைக்கிறார். நேற்று ஜெஞ்சாரோம் போகும்போது முன்னால் போன லோரிக்காரனை அவர் திட்டின திட்டில் எனக்கே காது கூசியது. நான்தான் ஓட்டினேன். "பெருசு, வாய மூடிக்கிட்டு பெல்ட்டப் போடு" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பெல்ட்டைப் போட்டார்.

பின்கண்ணாடியில் உன் படம் இல்லை, றெக்கையும் இல்லை. லதா ஒரு யோசனை சொன்னாள். சின்னப் பிள்ளை இருக்கிற காரில் உள்ளே குழந்தை இருக்கிறது என்று ஒட்டுவார்களே, அந்த மாதிரி. பெரிய எழுத்தில் அடித்து ஒட்டிவிட்டோம்: "பெருசு உள்ளே இருக்கு." கிள்ளானே பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரிக்கிறது. ஹாரன் அடிக்கிறவனும் படித்ததும் நிறுத்திக்கொள்கிறான்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அப்பா தானாக ஏற முடியாத வண்டி, அவர் இருக்கிறவரைக்கும் நம் வாசலில் நிற்காது. அந்தப் பந்தியில் பேசினவள் என்றைக்காவது நம் வண்டிக்குப் பின்னால் வந்து மாட்டுவாள். அந்தக் கண்ணாடியைப் படிப்பாள். என்ன இது என்று கேட்டால் இறங்கிப் போய்ச் சொல்கிறேன்: என் தம்பி கடைசியாகச் சொன்ன வார்த்தை இதுதான், நன்றாகப் படித்துக்கொள்.

உன் பல்லைத் தட்டக் கொடுத்துவைக்காத,
உன் அக்கா சரோஜா